தூங்க வைத்த தீ

குனிந்து பார்க்க மாட்டேன் என்கிறாரே. ஒரே ஒரு முறை குனிந்தால் போதும். அடுப்பின் காற்றுப்பிடிக்குக் கீழே விரலை விட்டால் தகடு மொட்டையாகக் கிடப்பது தெரிந்துவிடும். பார்த்துவிடக் கூடாது, கடவுளே. இல்லை, பார்க்கட்டும். அவரே பார்த்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குவளையில் வெந்நீர் ஊற்றியபடி நெல்டா நின்றிருந்தாள். அடுப்பு மாற்றுத் திட்டத்திலிருந்து வந்திருந்த கார்கமோ, பூட்ஸில் ஒட்டிய பனி தரையில் உருகிவிடக் கூடாதென்று வாசல் மிதியடியிலேயே நின்று படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் அவள் கணவன் எவரிஸ்தோ, விருந்தாளியை உபசரிப்பவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அடுப்புக் கண்ணாடி பளிச்சுனு இருக்கே, தோன்யா நெல்டா. மத்த வீட்லெல்லாம் தார் பூசின மாதிரி இருக்கு," என்றார் கார்கமோ.

"என் கிழவிக்குச் சுத்தம்னா பைத்தியம்," என்றான் எவரிஸ்தோ. "என்னையே வாரத்துக்கு ரெண்டு தடவை போட்டுத் தேய்ப்பான்னா பாத்துக்கோங்க."

கார்கமோ சிரித்தார். நெல்டாவும் சிரித்தாள். காலையில் ஈரச் செய்தித்தாளில் சாம்பலைத் தொட்டு, கண்ணாடியில் படிந்து காட்டிக்கொடுக்கும் கரியைத் தேய்த்து எடுத்த விரல்கள் இன்னும் எரிந்தன. அவன்தான் தேய்க்கச் சொன்னான். ஆனால் தேய்த்தது அவள் கைதான்.

வீட்டைச் சூடாக்கும் இந்தப் புது அடுப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. முன்பு இருந்ததற்கும் சான்றிதழ் இருந்தது. ஆயுசுக்கும் கவலையில்லை என்றுதான் கொடுத்தார்கள். பிறகு விதி மாறியது. மணிக்கு இவ்வளவு புகைத்துகளுக்கு மேல் வரக் கூடாது என்ற அளவு இறங்கியது. கோடை முடிகிற நேரத்தில் இரண்டு பேர் வந்து அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதியதில் காற்றைத் திறந்து மூடும் காற்றுப்பிடியை முழுக்க உள்ளே தள்ள முடியாது. கடைசி ஒரு விரலகலத்தில் ஒரு தகடு தடுத்து நிற்கும். தீக்குக் கொஞ்சமாவது மூச்சு இருந்தால்தான் புகை வராது என்று பொருத்த வந்தவன் சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் உலகின் தென்கோடியிலுள்ள இந்தக் கொயாய்க்கேயில் படுக்கப் போகுமுன் தீயைத் தூங்க வைப்பார்கள். தடித்த லெங்கா மரக் கட்டைகளைத் திணித்துக் காற்றை அடைத்துவிட்டால் விடியும்வரை உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். இந்த அடுப்போ தூங்க மறுத்தது. விடிவதற்குள் கட்டைகள் சாம்பலாகிவிடும். ஜன்னலின் உட்பக்கம் உறைபனி பூக்கும். நான்கு வயது மகள் அம்பாரோ கம்பளிக்குள் இருமுவாள். அந்த இருமலைத் தாங்காமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவரிஸ்தோ அரத்தை எடுத்தான்.

"தெருவுல எல்லாரும் ராவியாச்சு. எதிர்வீட்டு நெல்சன் என்னைக் கூப்பிட்டுக் காட்டுறான், பேரனுக்குப் பல்லு முளைச்ச மாதிரி," என்று சொல்லிக்கொண்டே அந்தத் தடுப்புத் தகட்டை ராவினான். இரும்புத்தூள் தரையில் விழுந்தது. நெல்டாதான் பெருக்கினாள். அன்றிலிருந்து வீடு வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அம்பாரோ எழுந்திருக்கவில்லை. கன்னம் ரோஜாவாகச் சிவந்திருந்தது. கையைத் தூக்கினால் துணிபோல் விழுந்தது. நெல்டாவுக்கே தலை பிளந்தது. குழந்தையை வாரிக்கொண்டு பனியில் ஓடினாள். பாதித் தெரு தாண்டியதும் அது கண்ணைத் திறந்து வாந்தியெடுத்தது.

மருத்துவமனையில், "வீட்ல விறகு அடுப்பா?" என்று கேட்டார்கள்.

"ஆமா. புதுசு. சான்றிதழ் அடுப்பு."

"அப்ப அதுவா இருக்காது. வைரஸ்தான்."

'ஆனா' என்று ஒரு சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுப்பாக இருக்குமோ என்று எவரிஸ்தோவிடம் சொன்னபோது, "டாக்டரே வைரஸ்னுட்டாரு, நீ யாரு, பெரிய டாக்டரா?" என்றான். அன்று முதல் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதே அவள் தூக்கமாகிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பாள். "மலையையும் சேர்த்துக் காய வைக்கப் போறியா?" என்று அவன் எழுந்துபோய் மூடுவான்.

"அவ்வளவுதான்," என்ற கார்கமோ படிவத்தை மேஜையில் வைத்தார். "பொருத்தின நிலையிலேயே இருக்கு, எதையும் மாத்தலைன்னு ஒரு உறுதிமொழி. அடுப்பு உங்க பேர்ல இருக்கறதால நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"மாத்தியிருந்தா?" என்றாள்.

எவரிஸ்தோவின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "சும்மா கேக்குறா, ஐயா."

"எடுத்துட்டுப் போயிருவாங்க, தோன்யா. மறுபடி பட்டியல்ல பேர் வரணும். அடுத்த வருஷம் ஆயிரும்."

ஜூன் பாதிதான் ஆகியிருந்தது, இங்கே குளிர்காலம் தொடங்குகிற நேரம். ஜூலை இருக்கிறது, ஆகஸ்ட் இருக்கிறது. அடுப்பில்லாத இந்த மரவீட்டை அவள் கற்பனை செய்து பார்த்தாள். வாளித் தண்ணீர் கல்லாகும். குழந்தைக்கு மறுபடி இருமல் வரும். குளிரைப் பற்றிய பயத்துக்கு ஓர் உருவம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டலாம். அந்த இன்னொன்று, மூச்சடைத்த தீ கக்கும் விஷக்காற்று, மணமில்லாமல், சத்தமில்லாமல், வெதுவெதுப்பாக வருகிறது.

உள்ளறையில் அம்பாரோ மதியத் தூக்கத்தில் இருந்தாள். அங்கிருந்து சத்தமே வரவில்லை. நெல்டா குவளையை வைத்துவிட்டு உள்ளே போனாள். விரலை நீட்டினாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு சிறு சூடு விரலைத் தொட்டது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். எத்தனை நாள் இப்படி? ஒரு நாள் நான் அசந்து தூங்கிவிட்டால்?

எவரிஸ்தோ வாசல்நிலையில் வந்து நின்றான். குரல் தணிந்திருந்தது. அவன் கண்ணிலும் பயத்தைக் கண்டாள்.

"போட்டுரு நெல்டிதா. கெஞ்சிக் கேக்குறேன். அடுப்பு போச்சுன்னா பிள்ளைய எங்க வச்சிக் காப்பாத்துவோம்?"

அவள் அவனைத் தாண்டி வந்து மேஜைமுன் உட்கார்ந்தாள். கார்கமோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேனாவை நீட்டினார். "இங்க, கடைசிக் கோட்டுல. இன்னும் நாலு வீடு பாக்கணும் எனக்கு."

கடைசிக் கோட்டுக்கு மேலிருந்த வரியை அவள் மெல்லப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பேனாவை வாங்கிக்கொள்ளாமல் காகிதத்தை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"நான் போடலை, ஐயா," என்றாள்.

"என்னது?" என்றான் எவரிஸ்தோ.

"போடலை."