செல்விக்கு ஆகிற ஐஸ்

கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் எங்கள் ஐஸ் கடைக்கு முன்னால் நின்று பார்க்காத குழந்தை கிடையாது. மெட்ராஸிலிருந்து மரத்தூள் மூடி ரயிலில் வரும் பனிக்கட்டியை உடைத்து, உப்பைக் கொட்டி, பீப்பாயைச் சுற்றுவது எங்கள் வீட்டுக்காரர். பால் காய்ச்சுவதும் முறுக்கு பிழிவதும் நான்.

ஜானகியம்மாள் மட்டும் சந்தைக்கு வரும்போதெல்லாம் மகள் செல்வியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிலபுலம் உள்ள குடும்பம், பாய் வீட்டுப் பண்டம் தொண்டையில் இறங்காதாக்கும் என்று பொருமுவேன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், ஒரு தொன்னை ஐஸை நானே செல்வியின் கையில் வைத்தேன். ஜானகியம்மாள் அதைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"எங்க கை பட்டது உங்களுக்கு ஆவாதா அக்கா? மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்க," என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. படியேறி வந்து என் காதோரம் குனிந்தாள்.

"உன் கை இல்ல நசீரா. கோதுமைதான் இவளுக்கு ஆவாது. மைதா, ரவை, துளி உள்ள போனாலும் வயிறு ஊதிக்கினு பேதியா போவுது. பொழைப்பாளான்னே இருந்தோம். மெட்ராஸ் டாக்டர்தான் கண்டுபுடிச்சாரு. வெளிய சொன்னா, நோவுக்காரப் பொண்ணுன்னு நாளைக்கு எவன் கட்டிக்குவான்? அதான் வாயத் தொறக்காம இஸ்துக்கினு போறேன்."

ஐஸ் கெட்டியாக நிற்கப் பாலில் மைதா கரைப்பது நான்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. தரையில் கிடந்த தொன்னையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

"அடுத்த சந்தைக்கு இட்டுக்கினு வாங்க அக்கா. யாருக்கும் மூச்சு விட மாட்டேன்," என்றேன்.

அடுத்த சந்தையன்று பீப்பாயை வெந்நீர் விட்டுக் கழுவினேன். பாலைச் சுண்டக் காய்ச்சி அரிசிமாவைக் கரைத்தேன். முறுக்குக்குப் புது எண்ணெய் வைத்தேன். மாவில் பெருங்காயம் போடப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். கட்டிப் பெருங்காயத்திலும் மைதா சேர்ப்பார்களே.

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார் வீட்டுக்காரர். ஒரு முறை முறைத்தேன். பீப்பாயைச் சுற்றப் போய்விட்டார்.

செல்வி வந்தாள். மடியில் முறுக்கைக் கட்டிவிட்டு, தொன்னையைக் கையில் கொடுத்தேன். ஆசை கண்ணில் தெரிந்தது, ஆனால் வாயில் வைக்கவில்லை. பட்ட பாடு அந்தப் பிள்ளைக்கு மறக்கவில்லை.

"அம்மா, இது எனக்கு ஆவுமா?" என்று கேட்டாள்.

ஜானகியம்மாள் தொன்னையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயம், எனக்கு அதைவிடப் பயம்.

"என்னிய இன்னாத்துக்குக் கேக்குற? உங்க அத்தை செஞ்சது. அத்தையக் கேளு," என்றாள்.

"ஆவும் கண்ணு, துன்னு," என்று தொன்னையை அவள் வாயருகே கொண்டுபோனேன்.