இடது வளைவு

நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர்களிடம் "பயப்படாதீங்க, உடம்பைத் தளர்வா விடுங்க" என்று சொல்லியே பிழைப்பவன் நான். பல் டாக்டர். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது, என் மனைவி ஓட்டிய பெரிய மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் அந்த மலையை விட்டு இறங்கியபோதுதான் தெரிந்தது.

இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் நான். பெட்டிகளைவிட நான்தான் கனம் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்த விஷயம். எங்களுக்கு இடது பக்கம் கிடுகிடு பள்ளம். குட்டைக் கற்களை வரிசையாக நட்டு, தடுப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். வலது பக்கம் மலைச்சுவர். நான் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓர் இடது வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. கிர்ரென்று, இரும்பு தார் ரோட்டில் உரசும் சத்தம். என் கருவி பல்லில் இறங்கும்போது நோயாளி கேட்பது இதைத்தான் போலிருக்கிறது. பின் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பியது. வண்டி வளைய மறுத்து நேராகப் பாதையின் வலது பாதிக்குள் போனது. எதிரே லாரி. ஹாரன் காதைக் கிழித்தது. அவள் எப்படித் திருப்பினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லாரியின் பலகை என் முழங்கையை உரசாத குறையாகக் கடந்தது.

அகலமான ஓரிடம் பார்த்து நிறுத்தினாள். இறங்கினேன். அவள் குனிந்து பார்த்தாள். பக்க ஸ்டாண்டின் விளிம்பு தேய்ந்து புதுக் கரண்டி மாதிரி மின்னியது.

"இதுதான் தரையில தட்டி வண்டியைத் தூக்கியிருக்கு," என்றாள். "பின்னாடி ஸ்பிரிங் ரொம்ப அமுங்கிக் கிடக்கு. ரெண்டு பேரும் பெட்டியும் ஏறினா சீட்டுக்குக் கீழே இருக்குற திருகை இறுக்கிடணும்னு மெக்கானிக் படிச்சுப் படிச்சுச் சொன்னார். பின்பக்கம் அமுங்கினா முன் சக்கரத்துல பாரம் குறைஞ்சுடுமாம். வண்டி சொன்ன பேச்சு கேக்காதாம். சாய்ச்சா அடியில தட்டுமாம்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் இறுக்கலை?"

தன் பூட்ஸைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. அவள் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. பெட்ரோல் பங்கில் கால் எட்டாமல் வண்டியோடு சரிந்து விழுந்ததிலிருந்து, ஓட்டுவதில் அவளுக்குப் பயமில்லை; நிறுத்துவதில்தான் பயம். அதற்காகவே திருகை முழுசாகத் தளர்த்தி, சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் கால் எட்டணும்னு ரெண்டு பேர் உயிரையும் பணயம் வெச்சியா?"

"நீங்க மட்டும் என்னவாம்?" என்றாள். "ஒவ்வொரு இடது வளைவுலயும் பள்ளத்துக்குப் பயந்து வலது பக்கமா சாயுறீங்க. நீங்க அந்தப் பக்கம் சாய்ஞ்சா, வண்டியை நான் இந்தப் பக்கம் இன்னும் கூடுதலா சாய்க்கணும். இல்லேன்னா திரும்பவே திரும்பாது. உங்க பயமும் சேர்ந்துதான் தட்டுது."

நான் வாயடைத்துப் போனேன். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவனுக்கு அது புது அனுபவம்.

"நான் நடந்தே வந்துடறேன்."

"தாராளமா. மேகம் இறங்குது பாருங்க. அந்தப் புகைக்குள்ள வர்ற லாரிக்காரன் உங்களைத் தேடிப் பார்த்து ஒதுங்குவானா?"

உட்கார்ந்து திருகை முறுக்கத் தொடங்கினாள். இனி முறுக்க முடியாது என்றதும் எழுந்தாள். அவளும் நானும் ஏறிய பிறகு, அவள் பூட்ஸ் நுனி மட்டும் தரையைத் தொட்டது. கண்ணாடியில் அவள் முகம் வெளிறியிருந்தது.

"நான் சாயுற பக்கம் நீங்களும் சாயணும். நிறுத்தும்போது மட்டும் அசையவே கூடாது. அசைஞ்சீங்கன்னா என்னால தாங்க முடியாதுங்க."

அடுத்த இடது வளைவு வந்தது. எதிரே பஸ். என் உடம்பு முழுசும் சுவர்ப் பக்கம் இழுத்தது. ஹெல்மெட்டுக்குள் இருந்த ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது: "தளர்வா விடுங்க, டாக்டர்."

விட்டேன். அவளோடு சேர்ந்து இடது பக்கம், பள்ளத்தின் பக்கம், சாய்ந்தேன். அவள் தோளுக்கு அப்பால், கீழே எங்கோ தகரக் கூரைகள் தெரிந்தன. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வண்டி கோடு போட்ட மாதிரி வளைந்து பஸ்ஸைக் கடந்தது.

அதற்குப் பிறகு வந்த எந்த வளைவிலும் ஸ்டாண்ட் தட்டவில்லை. ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. அடிவாரச் சோதனைச் சாவடியில் குறுக்குக் கம்பம் போட்டிருந்தார்கள். காவலாளி கையைக் காட்டினான். அவள் முதுகு விறைத்தது.

சரிவிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. பிரேக் பிடித்ததும் வண்டி இடது பக்கம் சரியத் தொடங்கியது. குதி, குதி என்றது என் மனசு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இடுப்பைச் சீட்டின் ஓரத்துக்கு நகர்த்திக் காலை நீட்டினாள். கால் காற்றில் துழாவியது. பிறகு தரையைக் கண்டுபிடித்தது. வண்டி நின்றது.

காவலாளி கம்பத்தைத் தூக்கிவிட்டான். அவள் கிளம்பவில்லை. தோள்கள் குலுங்கின.

"அழறியா?" என்று கேட்டேன்.

"ஆமா. கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போலாம்."

"நான் இப்போ அசையலாமா?"

"இன்னும் வேண்டாம்."

அசையாமல் உட்கார்ந்தபடியே நானும் அழுதேன்.