பூசிய கரையில் புதுப் பொத்தல்

1

இருந்தவர்கள் மூவர். பூந்தமல்லித் தபாலாபீசுக்கு எதிரே, சாய்வுப் பலகைக்குப் பின்னால் மனு எழுதும் மணவாளன். அவனுக்கு நேர் முன்னால் குத்துக்காலிட்டு, அயனம்பாக்கம் ஏரிக் காவல்காரன் வேம்புலி. பக்கத்தில் கவிழ்த்த கூடைமேல் அவன் மனைவி அங்கம்மா. 1936, தை மாதம்.

வாசகரே, அன்று கழித்துப்போட்ட மனுத்தாள்களின் பின்பக்கத்தில்தான் இந்தக் கதை எழுதப்படுகிறது. எழுதுகிறவன் மணவாளனே. தன்னை 'அவன்' என்று போட்டுக்கொண்டால் குழப்பம் குறையும் என்று நினைத்தான். குறையவில்லை.

2

முதல் ஆரம்பம்: 'ஏரிக்கரையில் ஒரு வகைத் தேனீ...'

(அடித்தாயிற்று. தேனீ என்றால் அடை எங்கே, தேன் எங்கே என்பார்கள். இது மண்ணைத் துளைத்து, பொத்தலுக்கு ஒன்றாகத் தனிக்குடித்தனம் செய்கிறது.)

இரண்டாவது: 'ஈயைவிடச் சற்றுப் பெரிய ஒரு...'

(ஒரு என்ன?)

3

நடந்தது இதுதான். கரையைப் பார்வையிட ஓவர்சியர் வரப்போகிறார் என்று தெரிந்து, முந்தின மாலை வேம்புலி கரையிலிருந்த பொத்தல்களையெல்லாம் ஈரக் களிமண்ணால் பூசினான். காலையில் வெயில் ஏறியதும் உள்ளே இருந்தவை துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. ஓவர்சியர் கண்டது புதுப் பூச்சு, அதில் வேம்புலியின் கைத்தடம், தடத்துக்குத் தடம் புதுப் பொத்தல். கம்பியால் குத்திக் கரையைக் கெடுத்தவன் இவனே என்று எழுதிவிட்டார். இந்த வாரத்துக்குள் பதில் தராவிட்டால் காவல் வேலை போய்விடும்.

(நிஜமாகவே குத்தியிருந்தால்? மணவாளன் கரைக்குப் போய்ப் பார்த்ததில்லை. இந்தச் சந்தேகம் மனுவில் வேண்டாம், இங்கே கிடக்கட்டும்.)

4

"பூச்சின்னு எழுதினா நம்புவாரா, அண்ணாத்தே?" என்றான் வேம்புலி.

"மாட்டாரு. அதுக்குப் பேர் இன்னா?"

"எங்கிட்ட பேர் சொல்லிக்கினா குடி வந்துச்சு? எலின்னு போட்டுடு."

மணவாளன் 'எலி' என்று எழுதினான்.

"எலின்னா வளைய வெட்டிப் பாப்பாங்க," என்றாள் அங்கம்மா. "கரைய வெட்டினா தண்ணி எங்க வரும்? நம்ம ஊட்டுக்குத்தான். அந்த ஓவர்சியரையே ஒண்ணு பூசிப் பாக்கச் சொல்லுய்யா."

5

முடிவு ஒன்று: வேலை தங்கியது. முடிவு இரண்டு: வேம்புலி பெண்டாட்டியோடு ஊரைவிட்டு...

(இரண்டையும் அடித்துவிட்டான். மனுவில் நின்றது இவ்வளவுதான்: 'கனம் ஐயா அவர்கள் தங்கள் கையாலேயே ஒரு பொத்தலைப் பூசி, மறுநாள் வெயில் ஏறும்போது அதன் எதிரே உட்கார்ந்து பார்க்கக் கோருகிறேன்.')

கைநாட்டு வைக்க மணவாளன் மைப்பெட்டியை நீட்டினான். வேம்புலி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"மறுபடியும் கைத்தடமா?"

"வெய்யி," என்றாள் அங்கம்மா.

வைத்தான்.

ஐயா வந்து உட்கார்ந்தாரா என்று மணவாளனைக் கேட்காதீர்கள். வாசகரே, அவருக்குப் பதிலாக நீங்கள் உட்காருங்கள். அவன் உறையின் வாயில் பசை தடவி, இடைவெளி இல்லாமல் அழுத்தி ஒட்டி, எதிரே இருந்த தபால்பெட்டிக்குள் போட்டான்.