ஜிலோ பேசிய ஞாயிற்றுக்கிழமை

மனைவி அம்சவேணி போன பிறகு ஜோதிலிங்கம் அழவில்லை. இதைப் பற்றி டெல்லி கிட்வாய் நகரில் பேசாத வாய் கிடையாது. சுடுகாட்டில் அழவில்லை, காரியத்தன்று அழவில்லை, ஊரிலிருந்து வந்த சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் ரயிலேறிப் போன பிறகும் அழவில்லை. "மனுசனா, கருங்கல்லா?" என்று மச்சினன் பெண்டாட்டி மாடிப்படியிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கென்ன, கேட்பாள். கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போகுமே, மனிதருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்படி ஆகியிருந்தது.

டெங்கு வந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோனது. அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலம். அதற்குப் பிறகு குளிர் வந்தது, குளிர் போனது, வெயில் வந்தது. ஜோதிலிங்கம் காலையில் எழுந்து குக்கர் வைத்தார், மகள் மதுமதிக்குத் தலை வாரிவிட்டார், சார்ட்டர்ட் பஸ் பிடித்து அமைச்சகத்துக்குப் போய்க் கோப்புகளைப் பார்த்தார், திரும்பி வந்தார். மதுமதிக்கு ஒன்பது வயது. அவளும் அப்பனைக் கொண்டு பிறந்திருந்தாள். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், வைத்ததைச் சாப்பிட்டாள். அம்மா என்ற சொல்லே அந்த வீட்டில் புழங்கவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, அம்சவேணி தன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது. நெற்றியில் இருந்த தழும்புகூட வந்தது. குரல் வரவில்லை. அவள் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. இதற்குப் பதற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பதற்றம்தான் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், கல்யாண கேசட் இருக்கிறதே என்று எதிர்வீட்டிலிருந்து வி.சி.ஆர். வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். நம் ஊர் வீடியோக்காரர்களின் லட்சணம் தெரிந்ததுதானே! முகூர்த்தம் முதல் பந்தி வரை அத்தனைக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மெழுகி வைத்திருந்தான் புண்ணியவான். மணமேடையில் அம்சவேணி குனிந்து அவர் காதில் என்னவோ சொல்கிறாள், சிரிக்கிறாள். அதற்கு மேலே ஒருத்தி உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருக்கிறாள். மூன்று மணி நேரக் கேசட்டில் மணப்பெண்ணின் குரலில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஜோதிலிங்கம் முழுவதையும் பார்த்துவிட்டு வி.சி.ஆரைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரத்தில்தான் காமாக்ஷி போன் செய்தாள்.

டெல்லியில் தமிழ் டப்பிங்கா என்று சிரிக்க வேண்டாம். லாஜ்பத் நகரில் ஒரு அடித்தளத்தில், கோணித் துணி அடித்த அறையில் நடந்தது. குழந்தைகள் சேனலுக்கு வரும் கார்ட்டூன்களை அங்கே இந்தியில் பேசுவார்கள். சேனல்காரர்கள் தமிழும் சேர்த்துக் கேட்டபோது, காலனிகளில் இருக்கும் தமிழ்ப் பெண்களைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காமாக்ஷிதான் ஆள் சேர்த்து, வசனம் எழுதி, பக்கத்தில் நின்று திருத்துகிறவள். அம்சவேணி அங்கே போனது பொழுதுபோகாமல்தான். அணிலாகப் பேசினாள், கிழவியாகப் பேசினாள். கடைசியாகப் பேசியது ஒரு முழுநீளப் படம். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து பூதங்கள் வரும், ஒவ்வொரு பூதமும் ஒரு குழந்தைக்குக் கூட்டாளி ஆகிவிடும் என்று கதை. அதில் ஜிலோ என்ற நீல நிற ஒற்றைக்கொம்பு பூதம் அம்சவேணி.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தப் படம் டெலிகாஸ்ட் ஆறது" என்றாள் காமாக்ஷி. "உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சிண்டே இருந்தேன்."

"டேப் ஏதாச்சும் கெடைக்குங்களா மேடம்?"

"இங்க ஒண்ணும் இல்லையே சார். எல்லாத்தையும் அப்பவே பாம்பேக்கு அனுப்பிச்சாச்சு. டி.வி.யில பாக்கறதுதான்."

டி.வி.யில் பார்க்கலாம்தான். ஆனால் டெல்லியில் அந்தச் சேனல் இந்தி பேசும். ஒரே படம், மூன்று பாஷை. எந்தப் பாஷை வீட்டுக்கு வர வேண்டும் என்பது கேபிள்காரன் தன் பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்துகிறான் என்பதைப் பொறுத்தது. கிட்வாய் நகரில் அந்தப் பொத்தான் பப்லு கையில் இருந்தது.

பப்லு கடைக்குள் வயர்ச் சுருளுக்கு நடுவில் உட்கார்ந்து முலாம்பழம் தின்றுகொண்டிருந்தான். ஜோதிலிங்கம் விஷயத்தைச் சொன்னார். அவன் பழத்தைக் கீழே வைத்தான்.

"அரே பாய்சாப், உங்க ஒரு வீட்டுக்குன்னு மாத்த முடியாது. மாத்தினா இந்த லைன்ல நாலு பிளாக்குக்கும் தமிழ்தான் வரும். லீவு நாள், எல்லாப் பசங்களும் அந்தப் படத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. மம்மிங்க எல்லாம் சேர்ந்து என் தோலை உரிச்சிடுவாங்க" என்று இந்தியில் புலம்பினான். பிறகு அவனே தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க வீடு வீடா கேட்டு அவங்க ஓ.கே. சொன்னா, எனக்கென்ன? அமுக்கிட்டுப் போறேன்" என்றான்.

யாரிடமும் வாயைத் திறந்து ஒரு உதவி கேட்டறியாத மனிதர் ஜோதிலிங்கம். சனிக்கிழமை மாலை சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஆபீஸில் குறிப்பு எழுதச் சொல்வதுபோல ஒரே வாசகத்தை இந்தியில் ஒப்பித்தார். என் மனைவி தவறிவிட்டாள். நாளைய படத்தில் அவள் குரல் இருக்கிறது. தமிழில் இருக்கிறது. ஒரு தடவை மட்டும் உங்கள் குழந்தைகள் தமிழில் பார்க்க முடியுமா?

கீழ்வீட்டு குரானா அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அம்சவேணியிடம் தோசைக்கு மாவரைக்கக் கற்றுக்கொண்டவள் அவள். ஜோதிலிங்கம் பாங்கில் டோக்கன் கூப்பிடக் காத்திருப்பதுபோல, அவள் அழுது முடிக்கும் வரை நின்றார். பிறகு, "அப்ப சரிங்களாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டியதும் அடுத்த வீட்டுக்குப் போனார்.

பீகார்க்காரர் ஜா மட்டும் மோவாயைத் தடவினார். "எனக்கு ஆட்சேபணை இல்லை. பையனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாதே?"

உள்ளேயிருந்து பையன் கத்தினான்: "பப்பா, சண்டைதானே போடுவாங்க! அதுல புரிய என்ன இருக்கு?"

நாலு பிளாக்கும் சரி என்றது. இந்த டெல்லியைக் குறை சொல்லாத தமிழன் இல்லை. குளிரைத் திட்டுவான், வெயிலைத் திட்டுவான், பஸ்ஸைத் திட்டுவான். இதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குரானா அம்மாள் ஒரு தட்டு சமோசாவும், கூடவே மகள் ஸிம்மியையும் மேலே அனுப்பி வைத்தாள். இன்னும் நாலைந்து வாண்டுகள் வந்து தரையில் உட்கார்ந்தன. ஏர்கூலர் இரைச்சலில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று ஜோதிலிங்கம் அதை அணைத்தார். ஜூன் மாத வெயிலில், வியர்வை வழிய, ஒரு பிள்ளைகூட முணுமுணுக்கவில்லை. அவர் டி.வி.க்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

படம் தொடங்கியது. சொன்ன சொல் தவறாமல் பப்லு பொத்தானை அழுத்தியிருந்தான். கிட்வாய் நகர் மொத்தமும் தமிழ் பேசிற்று. குழந்தைகள் ஓடினார்கள், கட்டடங்கள் சரிந்தன, கம்ப்யூட்டர் திரை விரிந்து ஜிலோ குதித்து வந்தது. வாயைத் திறந்தது.

பலூனை விரலால் தேய்த்தால் வருமே ஒரு கீச்சுச் சத்தம், அதுதான் வந்தது. ஜோதிலிங்கம் வால்யூமைக் கூட்டினார். கீச்சுச் சத்தம் பெரிதாயிற்று. ஏதோ ஒரு பூச்சி தமிழ் பேசுவதுபோல இருந்தது. ஆரம்பத்தில்தான் இப்படி, போகப்போகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். ஜிலோ சிரித்தது, சண்டை போட்டது, வயர்களுக்குள் தொலைந்துபோய் இருட்டில் கிடந்து தன் சிறுமியைத் தேடியது, கடைசியில் கண்டுபிடித்தது. ஒரு இடத்திலும் அம்சவேணி வரவில்லை. படம் முடிந்து விளம்பரம் வந்தது. வாண்டுகள் கைதட்டிவிட்டு ஓடிப்போயின.

மதுமதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியா கண்ணு?" என்றார்.

"ம்" என்றாள். எழுந்து, சமோசாத் தட்டைக் கழுவிக் கீழ்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் காமாக்ஷி போன் செய்தாள். "கேட்டேளா சார்?"

"கேட்டனுங்க. அவ கொரல் மாதிரியே இல்லைங்களே மேடம்."

"ஐயோ சார்... பூதமாச்சேன்னு மிஷின்ல போட்டு குரலை ஏத்திட்டா. எப்பவும் பண்றதுதான். எனக்குத் தெரிஞ்ச விஷயம், உங்களுக்குத் தெரியாதேன்னு ஒரு நிமிஷம்கூட தோணலை பாருங்கோ. நாலு பிளாக்கையும் கேட்டேளாமே! என்ன பாவம் பண்ணிட்டேன் நான்!"

"போச்சாது, விடுங்க மேடம்" என்று அவளைத் தேற்றி போனை வைத்தார். தேற்றியது ஒப்புக்கு அல்ல. நிஜமாகவே அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வருத்தம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். வெறும் டப்பாவைத் திறந்து பார்ப்பதுபோல இருந்தது. ராத்திரிக்கு ரவையை வறுத்து உப்புமா கிண்டினார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, குவார்ட்டர்ஸ் பின்பக்கத்துப் பார்க் வழியாக வந்தார். பொழுது சாய்ந்தும் அனல் அடங்கவில்லை. பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். எல்லோரும் பூதங்கள். ஜா வீட்டுப் பையன் துண்டைச் சிறகாகக் கட்டியிருந்தான். ஸிம்மி தலையில் நீல பிளாஸ்டிக் புனலைக் கவிழ்த்துக் கொம்பு வைத்திருந்தாள். நடுவில், சிமெண்டு பெஞ்சின்மேல், மதுமதி நின்றாள்.

ஸிம்மி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள்:

"எங்க சாமி போயிட்டே இத்தன நேரமா?"

ஜோதிலிங்கத்தின் கால் நின்றுவிட்டது. அமிர்தசரஸ்காரர் வீட்டுப் பெண். தமிழில் ஆனா ஆவன்னா தெரியாதவள். ஆனால் அந்த 'சாமி' மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கியது. கோபியிலும் சத்தியமங்கலத்திலும் பிள்ளையைச் 'சாமி' என்று கூப்பிடும்போது இழுக்கிற இழுப்பு. கோயமுத்தூர்ப் பேச்சு வேண்டாம் என்று காமாக்ஷி எத்தனையோ தடவை திருத்தியும், ஜிலோ தன் சிறுமியைக் கண்டுபிடிக்கிற இடத்தில் அம்சவேணிக்கு வேறு பேச்சு வரவில்லை. விளையாடிவிட்டு இருட்டியபின் மாடியேறும் மகளை அவள் கதவைத் திறந்து கேட்கும் கேள்விதான் அது. மிஷின் குரலைத்தான் தின்றது. ராகத்தை விட்டுவிட்டது. அவருக்கு அது கீச்சுச் சத்தமாகவே போய்விட்டது. பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாததால் ராகம் மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொன்னார்கள்.

ஆனால் மதுமதிக்கு அது போதவில்லை.

"நஹீ ஸிம்மி, ஐஸே நஹீ!" பெஞ்சிலிருந்து அதட்டினாள். "சா...மி. இன்னும் லம்பா. மேரி மம்மி ஜைஸா." இன்னும் நீட்டி இழுக்க வேண்டுமாம், அவள் அம்மாவைப் போலவே.

ஸிம்மி மறுபடி சொன்னாள். மதுமதி கண்ணை மூடிக் கேட்டாள். சரி என்று தலையசைத்துவிட்டு, அடுத்து ஜா பையனைக் கைகாட்டினாள். அவன் சொன்னான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் வாயிலிருந்தும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். அதுதான் அன்றைய விளையாட்டு. எப்போதிலிருந்து நடக்கிறதோ தெரியாது. சில பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஸிம்மிதான் அவரைப் பார்த்தாள். "அங்கிள், ஆப் பீ போலோ!" என்று அவரையும் சொல்லச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் விட்டாள்.

அவர் முறை வந்தது. தோள்பையைக் கழற்றாமலே சொன்னார்.

"தப்பு" என்றாள் மதுமதி.

இரண்டாவது தடவை சொன்னார். அதே ஊர்க்காரர், அவளோடு பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தவர். வரவில்லை. ஸிம்மி பாவப்பட்டு, "ஐஸே, அங்கிள்" என்று அவருக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். அந்தப் பஞ்சாபிக் குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டே அவர் மூன்றாம் தடவை தொடங்கினார். 'எங்க' வந்தது. 'சாமி' பாதியில் உடைந்தது. தோளிலிருந்து பை நழுவி விழுந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் மண்டியிட்டு, நாலு பிளாக்குக்கும் கேட்கும்படி ஜோதிலிங்கம் அழுதார். பால்கனிகளில் ஆள் வந்து நின்றது. பிள்ளைகள் விளையாட்டை விட்டு ஒதுங்கினார்கள்.

மதுமதி பெஞ்சிலிருந்து இறங்கி வந்தாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள்.

"அழாம சொல்லுங்கப்பா" என்றாள். "அம்மா அழுதுட்டு சொல்லல."