வயிற்றுக்குப் பாக்கு வைத்து அழைத்தது

செண்பகவல்லியின் இடது நெஞ்சில் வைத்த சிலிக்கான் பை, தை பிறந்ததும் நடக்கத் தொடங்கியது. முதலில் அக்குளுக்குப் போனது. பிறகு கழுத்தெலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்லாக இறுகியும் போயிருந்தது. புற்றுநோய்க்காக மார்பை எடுத்த இடத்தில் வைத்த பை அது. நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று சொன்ன புண்ணியவான்களை இப்போது காணவில்லை.

டாக்டர் அனுசுயா விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து, "ஆள் இல்லை" என்று பதில் வந்தது.

"இதை எடுத்துடலாம்மா. உங்க அடிவயித்துச் சதையை ரத்தக்குழாயோட எடுத்து இங்க வச்சுத் தைக்கலாம். சொந்தச் சதை. சூடா இருக்கும்."

அந்தச் சூடுதான் செண்பகவல்லிக்கு வேண்டும். இரண்டு வருஷமாக நெஞ்சின் ஒரு பக்கம் சில்லிட்டுக் கிடந்தது. அதற்காகத்தான் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"வயிறு சம்மதிக்கணும். கேட்டுக்கிட்டே வாங்க, நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன்" என்று டாக்டர் முன்னால் போனார்.

தியேட்டருக்குப் போகிற ஆஸ்பத்திரி நடை நீண்டுகொண்டே போனது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர் அவள் கணவர் குருசாமி, தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. நடை சாத்தூரைத் தாண்டியும் முடியவில்லை. மனுஷன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு தள்ளினார்.

"நான் வரலை" என்றது வயிறு.

"உனக்கு என்ன குறை?" என்றாள் செண்பகவல்லி.

"போன தடவை யாரைக் கூப்பிட்டீக? ஊர்பேர் தெரியாத பையை. கூடப் பொறந்தவ நான் ரெண்டு சாண் கீழதான கெடந்தேன். ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"அப்ப நீ ஒல்லியா இருந்த."

"பொய் சொல்லாத."

"சரி, இப்பக் கூப்பிடுதேன். வா."

"ஒத்தையில கூப்பிட்டா எந்தச் சொந்தம் வரும்? ஜோடியா நின்னு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுங்க."

நியாயம்தானே. பாக்கு வைக்காவிட்டால் எங்கள் பக்கம் தாய்மாமன்கூடப் படியேற மாட்டான். நர்ஸ் கத்தரிக்கோல் தட்டிலேயே வெற்றிலையும் கொண்டுவந்தாள். குருசாமி தட்டை வாங்கி, சுவரைப் பார்த்தபடி, "வந்துருங்க" என்றார்.

"சுவரையா கூப்பிடுதீக?" என்றது வயிறு. "நான் எந்த எடத்துக்கு வரணும்? கையை வச்சுக் காட்டுங்க."

குருசாமிக்கு வியர்த்துவிட்டது. மார்பை எடுத்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. அவளும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சேலை மாற்றினாள். அந்தக் கோபம் அவளுக்கு மலையளவு இருந்தது.

தட்டைக் கீழே வைத்தார். பார்த்தார். இடது கையைத் தழும்பின்மேல் வைத்தார்.

"வலிக்கா?"

"இல்ல. நீங்க பாக்கவே மாட்டீகளோன்னுதான் பயந்து செத்தேன்" என்று அவள் அழுதாள்.

"எனக்கும் பயம்தான் செண்பகம்" என்றார் அவர்.

வயிறு வெற்றிலையை எடுத்துக்கொண்டு மேலே ஏறியது. தொப்புள் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டாமா என்றது. பழைய பை சொல்லாமல் கொள்ளாமல் சாத்தூர்ப் பக்கம் இறங்கிப் போனது. நடை முடிந்து தியேட்டர் வந்தது. முடியைவிட மெல்லிய நூலால் டாக்டர் ரத்தக்குழாயைத் தைத்தார். சதை சிவந்தது. சூடு வந்தது. ஐயோ, அந்தச் சூடு! செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

குருசாமியின் கையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

"இப்ப எடுக்கக் கூடாது. நல்லாப் பிடிக்கட்டும்" என்றார் டாக்டர்.

"எத்தனை நாளைக்கு?"

"அதை வயிறுதான் சொல்லணும்."

வயிறு வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது. விடிந்ததும் குருசாமி வலது கையை மட்டும் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவைத்தார். ஆட்களை ஏவ அது போதும். மிச்ச ஆள் கட்டிலோரமாக நின்று, அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.