ராலிங்ஸுக்குத் தூக்கம் வருது

டன்மோர் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி அந்த ஆண்டு ஒன்பது ஆட்டங்களில் தோற்று மூன்றில் ஜெயித்தது. ஜெயித்த மூன்றில் ஒன்றை எதிரணியே பந்தைத் தவறவிட்டுத் தானமாகக் கொடுத்தது. பயிற்சியாளரைத் துரத்திவிட்டார்கள். அடுத்து யார் என்பதுதான் டிசம்பர் முழுக்க ஊருக்கு ஒரே பேச்சு. பல் டாக்டர் நோயாளியின் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டே அபிப்பிராயம் கேட்டார். பாதிரியார் ஜெபத்தின் நடுவே, "சரியான ஆளை அனுப்பும் ஆண்டவரே" என்றபோது, எந்த வேலைக்கு என்று சபையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அணியின் பெயர் கெளுத்திகள். ஆற்றங்கரை ஊர் என்பதால் வைத்த பெயர். வைத்தவனுக்கு மீன்மேல் பாசமா, அணிமேல் கோபமா என்பது நூறு ஆண்டாகத் தீராத வழக்கு.

நெல்டாவின் உணவகத்தில் ஜன்னலோர மேசை மூன்று பேருக்கு உரியது. வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வுபெற்ற வெர்லன் பிக்கெட். ஓய்வுபெற்ற தபால்காரர் லானி. டயர் கடை வைத்திருக்கும் டூயி. டூயி மற்ற இருவரையும்விட இருபது வயது இளையவன். சத்தத்தில் இருவருக்கும் சமம்.

லானியின் வேலை விமானம் பார்ப்பது. கல்லூரிக்கு அள்ளிக் கொடுக்கும் கோழிப்பண்ணை முதலாளிக்குச் சொந்த விமானம் உண்டு. அது எங்கே போய் இறங்குகிறதோ அங்கேதான் அடுத்த பயிற்சியாளர் குடியிருக்கிறார் என்பது ரசிகர்களின் சாஸ்திரம். லானி அந்த விமானத்தின் எண்ணைப் போனில் போட்டுவைத்து, பெற்ற பிள்ளை முதன்முதலாகத் தனியாக வெளியூர் போனதைப்போல் அதைக் கவனித்துவந்தார்.

திங்கட்கிழமை காலை, வெளியே மழை. லானி சோளக்கஞ்சியைத் தள்ளிவைத்தார்.

"இறங்கிருச்சு. பைன் ஹாலோ."

"அது ஏதோ ஏரிக்கரை ஊராச்சே. அங்க யாரு இருக்கா?" என்றான் டூயி.

"எமெட் ராலிங்ஸ் இருக்கார்."

டூயி முள்கரண்டியைக் கீழே வைத்தான். "உயிரோடயா?"

ராலிங்ஸ் எழுபது வயதுக்காரர். பக்கத்து மாநிலத்தில் இரண்டு முறை கோப்பை வாங்கிக் கொடுத்தவர். நான்கு வருடமாக ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"விளையாட்டில்லப்பா," என்றான் டூயி. "பதினெட்டு வயசுப் பசங்க வீட்டுக்கெல்லாம் போய், எங்க காலேஜுக்கு வா தம்பின்னு கூப்பிடணும். அந்த மனுஷன் போற வழியில ஒண்ணுக்குப் போகவே நாலு தடவை வண்டிய ஓரங்கட்டணும்."

"நீயும்தான் ஓரங்கட்டுற. உனக்கு நாப்பத்தஞ்சு," என்றார் வெர்லன்.

"நான் டயர் விக்கிறேன். என்னை யாரும் கோச் வேலைக்குக் கூப்பிடல."

"கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. ஒன்பது தோத்தவனையே வச்சிருந்தாங்க."

"இந்தக் காலத்துப் பசங்க காசு குடுத்தா வர்றான், கூடக் குடுக்கிறவன்கிட்ட போறான். வருஷத்துக்கு ஒரு காலேஜ். ராலிங்ஸுக்கு போன்ல மெசேஜ் அனுப்பவே தெரியாதாம். லெட்டர் போடுவாராம், லெட்டர்."

"அதுல என்ன தப்பு?" என்றார் முன்னாள் தபால்காரர்.

"நம்ம பசங்களுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியல," என்றார் வெர்லன். "அதைச் சொல்லிக்கொடுக்க மெசேஜ் எதுக்கு? நீ கேக்கிற மாதிரி ஒருத்தன் வருவான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. ரெண்டு வருஷம் ஜெயிப்பான். மூணாவது வருஷம் பெரிய காலேஜ் கூப்பிட்டா, நம்ம தொப்பியக்கூடக் கழட்டாம ஓடிருவான்."

காப்பி ஊற்ற வந்த நெல்டா நின்றாள். "எங்க வீட்டுக்காரருக்கும் எழுபது கண்ணு. டிவி ரிமோட்ட ஒரு மணி நேரம் தேடுவார். பாத்தா அது மேலயே உக்காந்திருப்பார்."

"அவர் கோப்பை வாங்கினாரா?" என்றார் வெர்லன்.

"என்னைக் கட்டினாரே."

மேசை சிரித்தது. டூயி மட்டும் வெர்லனை உற்றுப் பார்த்தான். "பேரைச் சொன்னதுலேருந்து பாக்குறேன், அந்தக் கிழவருக்கு நீதான் வக்கீல். உன் மருமகன் அங்கதானே வேலை பாக்குறான்? ஏதாவது சொன்னானா?"

"அவன் என்கிட்ட மழையப் பத்தி மட்டும்தான் பேசுவான்," என்றார் வெர்லன்.

அது பொய். மருமகன் டோபி அணியின் முன்வரிசைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். ஒவ்வொரு பையனும் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு. இந்தத் தொழிலில் புதுத் தலைமைப் பயிற்சியாளர் வரும்போது தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவார். பழைய உதவியாளர்கள் அந்த வாரமே பெட்டி கட்டவேண்டும். ஆனால் சனிக்கிழமை ராலிங்ஸே டோபியைக் கூப்பிட்டிருக்கிறார். கூட்டம் சேர்த்துக்கொண்டு ஊர்வலம் வரும் வயது எனக்கு இல்லை, இருப்பவர்களை வைத்துக்கொள்வேன், நீ இரு என்றிருக்கிறார். டோபி அதை மாமனாரின் வண்டிக் கொட்டகையில் வைத்துச் சொன்னான். "மிஸ்டர் வெர்லன், இது வெளிய போச்சுன்னா அவ்வளவுதான். பேரம் முடியிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது." கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியும் அவனுக்கு அவர் மிஸ்டர் வெர்லன்தான்.

வெர்லனின் மனைவி போய்ச்சேர்ந்து மூன்று வருடம். மகள் மார்லாவின் வீடு நடந்தே போகும் தூரம். பேத்தி ஜூனுக்கு ஐந்து வயது. புதன்கிழமைதோறும் வந்து, தாத்தா சுடும் அப்பத்தை எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்து, கருகியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, நான்கு சாப்பிடுவாள். வாரத்தின் மற்ற நாட்கள் அந்தப் புதனுக்காகக் காத்திருப்பதற்கு என்று வெர்லன் வைத்திருந்தார். ராலிங்ஸ் வந்தால் புதன்கிழமை உண்டு. கறுப்புக் கண்ணாடி வந்தால் இல்லை. அவருடைய ஃபுட்பால் ஞானம் மொத்தமும் அந்த டிசம்பரில் இவ்வளவுதான்.

ஊரில் யாருக்கும் தெரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. ரசிகர்கள் இணையத்தில் கூடிச் சண்டை போடும் தளத்தில் 'கெளுத்திமீசை' என்ற பெயரில் எழுதுவது வெர்லன்தான். அங்கே அவர் ஒரு நட்சத்திரம். அவர் முந்தின நாள் எழுதிய நக்கலை மறுநாள் காலையில் டூயி அவருக்கே சொல்லிச் சிரிப்பான். முதல்முறை கேட்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்வதில் வெர்லனுக்கு ஒரு குட்டி போதை.

விமானம் பைன் ஹாலோவில் இறங்கிய சேதி பரவியதிலிருந்து கெளுத்திமீசை நக்கலை விட்டுவிட்டு ராலிங்ஸுக்காகப் பொறுப்பாக வாதாடிவந்தது. பொறுப்பு அந்தத் தளத்தில் யாருக்கும் பழக்கமில்லாத சரக்கு. திங்கள் சாயங்காலம் ஒருவன் எழுதினான்: "மீசைக்கு என்னாச்சு? இந்த ஆளோட சொந்தக்காரன் யாரோ கோச்சுங்கள்ல இருக்கான். ராலிங்ஸ் இவங்ககிட்ட பேசிட்டார் போல. யாருன்னு கண்டுபிடிப்போம்."

வெர்லன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். உதவியாளர்கள் மொத்தமே பத்துப் பேர். அதில் உள்ளூரில் பெண்ணெடுத்தவன் ஒருவன். சந்தேகத்தைத் திருப்பிவிட அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. யோசிக்காமல் தட்டினார்.

"ராலிங்ஸ் ஐயா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காராம். ஆட்டம் எதுவும் ராத்திரி எட்டு மணியத் தாண்டக்கூடாது. எட்டு அடிச்சதும் மைதானத்து விளக்கை அணைச்சு, போர்வை போத்தி, நெத்தியில ஒரு முத்தம் குடுத்துட்டு எல்லாரும் சத்தமில்லாம வீட்டுக்குப் போயிரணும். மிச்ச ஆட்டத்தைக் காலையில எழுந்து பாத்துக்கலாம்."

மீசை திரும்பி வந்துவிட்டது என்று தளம் கொண்டாடியது. உளவு பார்க்கக் கிளம்பியவனே முதலில் சிரித்தான். வெர்லன் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் டூயி மேசைக்கு வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டான். "நெத்தியில முத்தமாம்டா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடை முழுக்கச் சிரித்தது. வெர்லனும் சிரித்தார். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும் என்பது பாதிக் காரணம். நன்றாக எழுதியிருக்கிறோம் என்பது மீதி.

மத்தியானத்துக்குள் கல்லூரி வேலியில் நான்கு தலையணை தொங்கியது. மறுநாள் மேம்பாலத்தில் ஒரு படுக்கை விரிப்பு: 'ராலிங்ஸுக்குத் தூக்கம் வருது'. இந்த ஊரில் கோபம் வந்தால் படுக்கை விரிப்பில் எழுதித் தொங்கவிடுவார்கள்; ஆனால் இந்த அளவுக்குப் பொருத்தமாக எதுவும் தொங்கியதில்லை. பிறகு யாரோ கிளப்பினார்கள்: வியாழக்கிழமை எட்டு மணிக்கு எல்லாரும் முன்வாசல் விளக்கை அணைப்போம், கல்லூரிக்கு நம் மனசு தெரியட்டும்.

கெளுத்திமீசை அவசரமாக எழுதியது: "சும்மா தமாஷுக்குச் சொன்னதுப்பா. அந்த மனுஷன் நல்ல கோச். விட்டுருங்க." அதையும் தமாஷ் என்றே எடுத்துக்கொண்டார்கள். அதற்குத்தான் முந்தியதைவிட அதிகப் பேர் சிரித்தார்கள்.

வியாழன் அன்று வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வெர்லன் மகள் வீட்டுக்கு நடந்தார். தூறல். கிறிஸ்துமஸ் நெருங்குகிற வாரம் என்பதால் வீட்டுக்கு வீடு வண்ண விளக்குச் சரம். எட்டு அடிக்கும்போது அவர் தெருமுனையில் நின்றிருந்தார். முதலில் ஒரு வீடு அணைந்தது. அடுத்து எதிர்வீடு. பிறகு இரண்டு பக்கமும் சரசரவென்று இருட்டு நடந்து வந்து அவரைத் தாண்டிப் போனது. வாசல்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ தாலாட்டுப் பாட, தெரு சேர்ந்து பாடியது. தன் நகைச்சுவைக்கு இவ்வளவு பெரிய கைதட்டல் அவர் வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

தெருவில் ஒரே ஒரு வாசலில் விளக்கு எரிந்தது. மார்லா வீடு. எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "என்ன மார்லா, உங்க வீட்டுல மட்டும் தூக்கம் வரலையா?" இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. மார்லா வெளியே வந்தாள். தெருவைப் பார்த்துச் சிரிப்பதுபோல் எதையோ செய்தாள். பிறகு கையை உள்ளே நீட்டித் தானே விளக்கை அணைத்தாள்.

வெர்லன் அந்த இருட்டிலேயே திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தார்.

ஆற்றின் அக்கரை மேட்டிலிருந்து எடுத்த படம் மறுநாள் டிவியில் வந்தது: மொத்த ஊரும் கறுப்பு, மைதானம் மட்டும் வெளிச்சம். கோழிப்பண்ணை முதலாளி பின்வாங்கினார். கல்லூரி, ராலிங்ஸிடம் நாங்கள் பேசவே இல்லை என்றது. ராலிங்ஸ் இரண்டு வரி அறிக்கை விட்டார். தன்னை முன்னிட்டு ஓர் ஊர் இருட்டில் உட்காரவேண்டாம் என்றும், மீன்கள் தன் வயதைக் கேட்பதில்லை என்றும் அதில் இருந்தது. அவ்வளவு நன்றாக வெர்லனுக்கே எழுத வராது.

புது ஆளுக்கு முப்பத்தைந்து வயது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றியிருந்தான். தன் ஆட்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். டோபிக்கு வெகுதொலைவில் மொண்டானா மாநிலத்தில், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, பனி அதிகம்.

ஜனவரியில் சாமான் ஏற்றும் நாளன்று வெர்லன் போனார். மார்லா சமையலறைத் தரையில் உட்கார்ந்து தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரும் சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தார்.

"மார்லா. அந்தப் போர்வை, முத்தம் எல்லாம்..."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"நீங்கதான்னு. படிச்ச அன்னைக்கே தெரியும்." அவள் நிமிரவில்லை. "முப்பத்திரண்டு வருஷமா அந்த வாய்கூட இருக்கேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அதுல ஒரு தமாஷ் வச்சிருப்பீங்க."

"டோபியக் காப்பாத்தத்தான்டா எழுதினேன். கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயந்துட்டேன்."

"அதுவும் தெரியும்."

"அவன்கிட்ட நானே சொல்லிடுறேன்."

"வேணாம்." இப்போது நிமிர்ந்தாள். கண் வறண்டிருந்தது. "அவருக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். அதுவாவது மிச்சமிருக்கட்டும்."

அவர் தட்டைச் சுற்றினார். சரியாக வரவில்லை. அவள் வாங்கிப் பிரித்து மறுபடி சுற்றினாள்.

"புதன்கிழமை போன்ல வருவா ஜூன்," என்றாள். "அப்பத்த அவகிட்ட காட்டுங்க. கருகிருச்சுன்னு அங்கேயிருந்தே சொல்லட்டும்."

டோபி வாசலில் வந்து நின்றான். "மிஸ்டர் வெர்லன், இந்த மேசைய ஒரு பக்கம் புடிக்கிறீங்களா?"

புதுப் பயிற்சியாளனைவிட இரண்டு பங்கு அகலமுள்ள அவனுக்கு அந்த மேசையைத் தனியாகவே தூக்க முடியும். கேட்டது மரியாதைக்கு என்று வெர்லனுக்குத் தெரியும். எழுந்து ஒரு முனையைப் பிடித்தார்.

பாதி வழியில் டோபி சிரித்தான். "ஒண்ணு சொல்லட்டுமா? நெத்தியில முத்தம்னு ஒருத்தன் எழுதினான் பாருங்க, அதப் படிச்சிட்டு எனக்கே சிரிப்பு வந்திருச்சு. வேலை போகப்போகுதுன்னு தெரிஞ்சும் சிரிச்சேன். யாரா இருந்தாலும் கெட்டிக்காரன்."

உள்ளே செய்தித்தாள் கசங்கும் சத்தம் நின்றது.

வெர்லன் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார்.

"படி இருக்கு," என்றான் டோபி, கனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "பாத்து. மெதுவா வாங்க, அவசரமே இல்ல."