பிரித்த கூரையை வேய்ந்தவர் யார்

பெண்கள் ஞாயிறன்று பிரசங்கம் செய்யப் பிரிஸ்கில்லாவின் பெயரை எழுதியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் குறித்திருந்த பாடத்தைப் பார்த்ததும் முகம் வாடிப்போயிற்று. நடக்கமாட்டாத ஒருவனை நாலு பேர் கட்டிலோடு சுமந்து வந்து, வாசலைக் கூட்டம் அடைத்திருந்ததால் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய கதை அது.

அவள் கணவன் எல்லப்பன், மூன்று வருடங்களுக்கு முன் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கொட்டகைக்குக் கூரை போடும்போது விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதல் வருடம் சக்கர நாற்காலியில் கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் வந்த ஊழியக்காரர்கள் எந்தக் கதையை எடுத்தாலும், விசுவாசித்தால் இவரும் எழுந்து நடப்பார் என்று அவன் பக்கம் கைநீட்டியே முடித்தார்கள். சபையும் ஆமென் சொன்னது. ஒருநாள் ஆமெனுக்கு முன்பே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனவன், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

தன் முதல் பிரசங்கத்தை அவன் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மாலை, துடைப்பத்துக்கு ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தவன் தலைநிமிராமல் கேட்டான். “இன்னாமே, நாளைக்கு உன் பிரசங்கத்துக்கு நான்தான் ஆளா?”

“உன்ன இழுப்பனாய்யா? வேற கத கேட்டேன். உபதேசியாரு மாத்த முடியாதுன்ட்டாரு.”

“படி, கேப்போம்.”

அவள் வேதத்திலிருந்து அந்தக் கதையைப் படித்தாள். அவன் சிரித்தான்.

“எயுதனவருக்குக் கூரை வேல தெரியாது. கீய அத்தினி பேரு உக்காந்துகினு கீறாங்க. மேல பிரிச்சா மண்ணு யாரு தலையில வியும்? மொதல்ல உள்ள ஒருத்தன் நின்னு ஆளுங்கள ஒதுக்கணும். நாலு கயிறும் ஒண்ணா எறங்கணும். ஒரு கை அவசரப்பட்டா, படுத்துகினு கீறவன் தலைகீயா பூடுவான்.”

“அப்புறம்?”

“அவன் எயுந்து வூட்டுக்குப் பூட்டான். பிரிச்ச கூரைய யாரு வேஞ்சது? மயைக்கு அந்த வூட்டுக்காரன் இன்னா பண்ணான்? எவனாச்சும் கேட்டானா?”

பிரிஸ்கில்லா பிரசங்கத்துக்காக நோட்டில் எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் கோடு போட்டு அடித்தாள். “நாளைக்கு வர்றியா?” என்றாள்.

“கோயிலு கொயா ஸ்பீக்கர்ல பேசுறது வூடு வரைக்கும் கேக்குது. போதும்.”

மறுநாள் பீடத்தில் ஏறி, இரவில் புதிதாக எழுதிய பக்கத்தை விரித்தாள்.

“கட்டிலில் கிடந்தவரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவரைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். கயிறு பிடித்த நாலு பேரைப் பற்றிப் பேசுகிறேன்.” கயிறு ஒன்றாக இறங்க வேண்டிய விதத்தைச் சொன்னாள். பிரித்த கூரையை அவர்கள் மறுநாள் வந்து வேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அன்பு பாதி அன்புதான் என்றாள். “இது எங்க வூட்டுக்காரர் சொன்னது. எழுந்து நட என்று அவரிடம் எத்தனையோ முறை சொன்னோம். அவருக்குத் தெரிந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டோமா?”

யாரும் ஆமென் சொல்லவில்லை. உபதேசியார் ஆல்பர்ட் மெல்லத் தலையைத் தூக்கிக் கோயில் கூரையைப் பார்த்தார். பெண்கள் பக்கத்துக் கூரையில் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் வெடித்திருந்தன. இரண்டு மழைக்காலமாக அதற்குக் கீழே ஒரு பச்சை பேசின்தான் ஊழியம் செய்துவந்தது.

ஆராதனை முடிந்து அவள் வீடு சேர்வதற்குள் ஆல்பர்ட்டும் மூன்று ஆட்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். எல்லப்பன் முகம் கறுத்தது.

“இன்னா உபதேசியாரே, ஜெபமா?”

“ஜெபம் இல்ல நைனா. மய வர்றதுக்குள்ள கோயிலு ஷீட்டு மாத்தணும். பச்சமுத்து ஏறுறேன்றான். எங்க கால் வெக்கிறதுன்னு அவனுக்குத் தெரியாது.”

எல்லப்பன் பச்சமுத்துவை மேலும் கீழும் பார்த்தான். “இவனா? இவன் ஏறுனா ஏணியே பேஜாராயிடும்.”

டிராக்டர் ஓடி உழுதுபோட்ட தெருவில் நாற்காலி உருளாது. நாலு பேரும் அப்படியே தூக்கினார்கள். “ஒண்ணா தூக்குங்கடா. முன்னால கீறவன் இன்னாத்துக்கு ஓடுற?” என்று வழிநெடுக அவன் அதட்டல் கேட்டது.

வெடித்த ஷீட்டுக்குக் கீழே நாற்காலியை வைத்தார்கள். அவன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான். பெஞ்சுகளை ஓரம் தள்ளச் சொன்னான். அளவெடுக்க ஏணி கொண்டுவர ஆட்கள் வெளியே போனதும், பிரிஸ்கில்லாவின் பக்கம் திரும்பினான்.

“மொத பாதி ஸ்பீக்கர்ல கரகரன்னு இருந்துச்சி, சரியா கேக்கல. ஏணி வர்ற வரைக்கும் சும்மாதான கீறேன்? இன்னொரு தபா சொல்லு.”

அவள் பீடத்தில் ஏறவில்லை. ஒரு பெஞ்சை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்தாள்.